கேட்டுக்கு வெளியே நிற்பவருக்கு என்ன வயது?

கேள்வி: 'நாற்பதைத் தாண்டினால் எங்கேயும் வேலை இல்லை' என்று ஒரு வாசகர் புலம்பியதற்கு, சென்ற இதழில் நீங்களும் ஒத்து ஊதியிருந்தீர்கள். நான் சிப்காட்டில் ஒரு கம்பெனியின் மனிதவள மேலாளர். வயதானவர்களுக்குப் புதிய தொழில்நுட்பம் ஏறாது, உடம்பு ஒத்துழைக்காது, சம்பளமும் அதிகம். யாரை எடுப்பது, யாரை அனுப்புவது என்பது நிர்வாகத்தின் விருப்பம். கம்பெனி என்ன தர்ம சத்திரமா?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகர், கடலூர்

பதில்: சத்திரம் இல்லைதான். சத்திரத்தில் வயது கேட்டுவிட்டுச் சோறு போடும் வழக்கம் கிடையாது.

உங்களுக்குச் சாதகமானதை முதலில் சொல்லிவிடுகிறேன். வயதைக் காட்டி ஒருவரை வேலைக்கு எடுக்க மறுக்கும் தனியார் நிறுவனத்தைத் தடுக்கும் பொதுவான சட்டம் நம் நாட்டில் இல்லை. அரசியல் சாசனத்தின் 15, 16ஆம் பிரிவுகள் மதம், இனம், சாதி, பால், பிறந்த இடம் என்று அடுக்கிக்கொண்டே போகின்றன. அந்த வரிசையில் வயது கிடையாது. அமெரிக்காவில் 40 வயதைக் கடந்தவர்களுக்கென்று 1967லேயே தனிச் சட்டம் போட்டுவிட்டார்கள். இங்கே அரசாங்கமே வயது வரம்பு வைத்துத்தான் ஆள் எடுக்கிறது. தமிழக அரசுப் பணிகளுக்கான நேரடி நியமனத்தில் பொதுப்பிரிவினருக்கு 30 ஆக இருந்த வரம்பை 2021ல் 32 ஆக்கினார்கள். ஏற்கெனவே பணியில் இருப்பவர்களின் ஓய்வு வயதையோ 2020 மே மாதம் 58லிருந்து 59 ஆகவும், அடுத்த பிப்ரவரியில் 60 ஆகவும் உயர்த்தினார்கள். உள்ளே இருப்பவருக்கு அறுபது வரை தெம்பு உண்டு, வெளியே நிற்பவருக்கு முப்பத்து மூன்றிலேயே போய்விடும் போலிருக்கிறது. ஆகவே இந்த வியாதியை நீங்கள் கண்டுபிடித்ததாக நான் குற்றம் சாட்ட மாட்டேன்.

ஆனால் நீங்கள் சொல்லும் காரணங்கள் இருக்கின்றனவே, அவை செல்லாது.

முதுநகரிலிருந்து சிப்காட் போகிற வழியில் டீக்கடைச் சுவர்களில் நோட்டீஸ் பார்த்திருப்பீர்கள். சில உங்கள் கம்பெனி ஒட்டியதாகவே இருக்கலாம். 'ஆட்கள் தேவை. ஐ.டி.ஐ., டிப்ளமோ. வயது 18–28. பி.எஃப்., இ.எஸ்.ஐ., கேன்டீன், பஸ் வசதி உண்டு.' சரி, அதே கம்பெனி கேட்டில் தினமும் உங்கள் காருக்கு சல்யூட் அடிக்கிறாரே, அவரை ஒரு நாள் கண்ணாடியை இறக்கிப் பாருங்கள். நரைத்த மீசை. வேறு யாருக்கோ தைத்த, தோளில் நிற்காத யூனிஃபார்ம். ஒரு கால் ஆடும் பிளாஸ்டிக் நாற்காலி, டார்ச், வந்து போகிறவர்கள் கையெழுத்துப் போடும் நோட்டு. ஏஜென்சி ஆள். ஐம்பத்தைந்துக்குக் குறையாது. பன்னிரண்டு மணி நேர டூட்டி. அடுத்த ஷிஃப்ட்காரர் வராவிட்டால் அதுவும் அவர் தலையில்தான். பகலில் மெஷின் பக்கத்தில் எட்டு மணி நேரம் நிற்க ஒத்துழைக்காத உடம்பு, ஐப்பசி மழையில் ராத்திரி முழுக்கக் கேட்டில் நிற்க மட்டும் எப்படி ஐயா ஒத்துழைக்கிறது?

இப்படி நிற்பவர்களில் பலர் ஒரு காலத்தில் உள்ளே ஆபரேட்டராகவும் ஃபிட்டராகவும் இருந்தவர்கள். பேச்சுக் கொடுத்தால் எந்த பிளான்ட், எந்த ரியாக்டர் என்று சொல்வார்கள். ஏ.எஃப்.டி. மில் 2020 ஏப்ரலோடு மூடப்பட்டபோது, தறி தவிர வேறு எதுவும் தெரியாத ஐம்பது வயதுக்காரர்களுக்கு எந்தக் கதவு திறந்தது என்று புதுச்சேரிக்காரர் யாரையாவது கேளுங்கள். ஏ.டி.எம். வாசல், அபார்ட்மென்ட் கேட், துணிக்கடை பார்க்கிங்.

இதிலிருந்து எனக்குத் தெரிவது ஒன்றுதான். உங்களுக்குத் தொல்லை வயது அல்ல, சர்வீஸ். அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்ந்து மாதம் 25,000 ரூபாய் வாங்குகிற, இருபது வருடம் முடித்த ஒருவரின் பெயரில், வேலையை விட்டுப் போகும்போது கொடுத்தாக வேண்டிய கிராஜுவிட்டி மட்டும் ஏறத்தாழ 2,88,000 ரூபாய் நிற்கிறது. வருடா வருடம் அது ஏறும். ஓவர்டைம் கணக்கு அவருக்குத் தெரியும், லீவு விதி தெரியும், பாதுகாப்புக் கருவி தராவிட்டால் யாரிடம் புகார் செய்ய வேண்டும் என்பதும் தெரியும். அப்ரன்டிஸ் பையனுக்கு உதவித்தொகை கொடுத்தால் போதும், கிராஜுவிட்டி பேச்சே இல்லை. எதிர்க்கேள்வி கேட்கவும் அவன் இன்னும் பழகவில்லை. இதை இப்படியே சொன்னால் நன்றாக இருக்காது. அதனால் 'துடிப்பான இளைஞர்கள் தேவை' என்று அச்சடிக்கிறீர்கள்.

தொழில்நுட்பம் ஏறாது என்ற கதைக்கு வருகிறேன். 2017 ஜூலை 1ஆம் தேதி ஜி.எஸ்.டி. வந்தபோது கம்பெனிக் கணக்குகளை யார் பார்த்துக்கொண்டிருந்தார்கள்? வாட் ரிட்டர்ன் போட்டுப் பழகிய நாற்பத்தைந்து, ஐம்பது வயது அக்கவுன்டன்ட்கள்தான். போர்ட்டல் திறக்காது, திறந்தால் பாதியில் தொங்கும், விதிகள் மாறிக்கொண்டே இருக்கும். திட்டிக்கொண்டே கற்றுக்கொண்டார்கள். உங்கள் கம்பெனியின் முதல் ஜி.எஸ்.டி. ரிட்டர்னைப் போட்டவரின் வயதை விசாரித்துப் பாருங்களேன். துறைமுகத்தில் மீன் விற்கும் அம்மாக்களை எந்த ட்ரெயினிங்குக்கும் யாரும் அனுப்பவில்லை. க்யூஆர் அட்டையைக் கூடையில் சாய்த்து வைத்துக்கொண்டு, பெட்டி 'பணம் பெறப்பட்டது' என்று சத்தம் கொடுத்த பிறகே பையைக் கையில் தருகிறார்கள். புது மெஷின் வரும்போது பயிற்சிப் பட்டியலில் நாற்பது தாண்டியவர்களின் பெயரை விட்டுவிடுவது, இரண்டு வருடம் கழித்து அப்ரைசலில் 'புதிய மெஷின் இயக்கத் தெரியாது' என்று எழுதுவது. இது எந்த ஊர் நியாயம்?

மூட்டை தூக்குகிற வேலையில் இருபத்தைந்து வயதுக்காரரின் வேகம் வேறுதான், மறுக்கவில்லை. அப்படியானால் நோட்டீஸில் 'மூட்டை தூக்க வேண்டும்' என்று போடுங்கள்; முடிந்தவர் வரட்டும். சம்பளம் அதிகம் என்பதும் பாதி உண்மை. நாற்பத்தெட்டு வயதுக்காரர் எவ்வளவு எதிர்பார்க்கிறார் என்று நீங்கள் கேட்டதே கிடையாது. பிறந்த தேதியைப் பார்த்ததும் பயோடேட்டா குப்பைக்குப் போய்விடுகிறது. பெண்களுக்கு இந்தக் கோடு இன்னும் முன்னாலேயே விழுந்துவிடும். ஏர் இந்தியாவில் விமானப் பணிப்பெண்ணுக்கு 35 வயதில் ஓய்வு, முதல் கர்ப்பத்தோடு வேலை காலி என்று விதியே இருந்தது. கர்ப்ப விதியை உச்ச நீதிமன்றம் 1981ல்தான் தூக்கியெறிந்தது. எழுதிவைக்காத விதியைத் தூக்கியெறிய எந்த நீதிமன்றத்துக்குப் போவது?

இனி உங்கள் 'விருப்பம்'. ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் வேலை வாங்குவது என்பதும் புதுச்சேரியில் மில் நிர்வாகங்களின் விருப்பமாகத்தான் இருந்தது. 1936 ஜூலை 30 அன்று 12 தொழிலாளர்கள் சுட்டுக் கொல்லப்பட்ட பிறகுதான் எட்டு மணி நேர வேலை அங்கே சட்டமானது. எடுப்பது உங்கள் விருப்பம் என்பதற்காவது சட்டத்தின் மௌனம் துணை இருக்கிறது. அனுப்புவதற்கு அதுவும் இல்லை. 1947ஆம் ஆண்டின் தொழில் தகராறுகள் சட்டம் 25-எஃப், 25-ஜி, 25-எச் பிரிவுகளில் சொன்னது இது: ஆட்குறைப்பு செய்தால், ஒரே வகைப் பணியில் கடைசியாகச் சேர்ந்தவர்தான் முதலில் போக வேண்டும், மாற்றிச் செய்தால் காரணத்தை எழுதிவைக்க வேண்டும். ஒரு மாத நோட்டீஸ் அல்லது அதற்கான சம்பளம். முடித்த ஒவ்வோர் ஆண்டுக்கும் 15 நாள் சராசரிச் சம்பளம் இழப்பீடு. திரும்ப ஆள் எடுக்கும்போது அனுப்பப்பட்டவருக்கு முதல் வாய்ப்பு. 2025 நவம்பர் 21 முதல் அதன் இடத்தில் நடப்பில் உள்ள தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பு, ஆட்குறைப்புக்கு அரசு அனுமதி வாங்க வேண்டிய ஆலைகளின் வரம்பை 100 பேரிலிருந்து 300 பேருக்கு உயர்த்தி உங்கள் தரப்பின் மனதைக் குளிர வைத்தது. அதுகூட கடைசியாக வந்தவர் முதலில் போகும் விதியைக் கைவிடவில்லை.

சட்டப்படி நடந்தால் இருபது வருடக்காரர் கடைசி வரை இருப்பார். அதனால்தான் நீங்கள் ஆட்குறைப்பே செய்வதில்லை. 'ராஜினாமா' வாங்குகிறீர்கள். எப்படி என்பதை வாசகர்கள் எழுதிக்கொண்டுதான் இருக்கிறார்கள். ஷிஃப்ட் முடிகிற நேரத்தில் மீட்டிங் ரூமுக்குக் கூப்பிடுவது. செல்போனை வெளியே வைத்துவிட்டு வரச் சொல்வது. மேசையில் இரண்டு தாள். ஒன்றில் 'சொந்தக் காரணங்களுக்காக' என்று முன்கூட்டியே டைப் செய்த ராஜினாமா, பெயரும் டோக்கன் நம்பரும் உட்பட. இன்னொன்றில் ஒரு தொகை. 'கையெழுத்துப் போட்டால் இது கிடைக்கும், போடாவிட்டால் கிராஜுவிட்டியும் போய்விடும் அண்ணே' என்று மரியாதையாக ஒரு மிரட்டல். வெளியே ஆட்டோகூட ஏற்பாடு செய்து வைத்திருந்தார்களாம் ஓர் இடத்தில்.

இந்த இடத்தில் உங்களை விட்டுவிட்டு மற்ற வாசகர்களிடம் பேசுகிறேன். ஐந்து வருடம் முடித்தவருக்குக் கிராஜுவிட்டி எப்படியும் வந்தாக வேண்டும். ராஜினாமா செய்தாலும் உண்டு, வெளியேற்றினாலும் உண்டு. கலவரம், ஒழுக்கக்கேடு, கம்பெனிக்கு நஷ்டம் உண்டாக்கியது போன்றவற்றுக்காக நீக்கப்பட்டால்தான் அதில் கை வைக்க முடியும். பி.எஃப். உங்கள் பணம். ஆகவே அந்த இரண்டாவது தாளில் இருக்கும் தொகையில், எப்படியும் தந்தே ஆக வேண்டியது எவ்வளவு, உண்மையில் கூடுதல் எவ்வளவு என்று பிரித்துக் கேளுங்கள். மேலே சொன்ன 25,000 ரூபாய்க்காரருக்கு, கிராஜுவிட்டி போக ஆட்குறைப்பு இழப்பீடு மட்டும் சுமார் இரண்டரை லட்சம் வரும். ராஜினாமாவில் கையெழுத்துப் போட்டால் அந்த இழப்பீடும் திரும்பக் கூப்பிடும் உரிமையும் போயிற்று. ஓய்வூதியத்துக்கு 58 வரை காத்திருக்க வேண்டும். 50லேயே வாங்கத் தொடங்கினால் குறைகிற ஒவ்வோர் ஆண்டுக்கும் 4 விழுக்காடு வெட்டு. தாளை வீட்டுக்கு எடுத்துப் போய்ப் படிக்க வேண்டும் என்று சொல்லுங்கள். நெருக்கிக் கையெழுத்து வாங்கிவிட்டார்களா, மறுநாளே 'கட்டாயப்படுத்தி வாங்கப்பட்டது' என்று பதிவுத் தபாலில் நிர்வாகத்துக்கு எழுதி, நகலோடு தொழிலாளர் துறை சமரச அலுவலரிடம் போங்கள். இதற்கு மூன்று வருடமாக இருந்த கெடு, புதிய தொகுப்பில் இரண்டாகக் குறைந்திருக்கிறது. தள்ளிப்போட வேண்டாம்.

மேலாளர் அவர்களுக்கு ஒரு தகவல். மேலே எழுதிய ஆட்குறைப்புப் பாதுகாப்பெல்லாம் சட்டம் 'தொழிலாளி' என்று ஏற்பவர்களுக்கு மட்டும். நிர்வாகப் பொறுப்பில் இருப்பவர் அந்த வரையறைக்குள் வரமாட்டார். கடைசியாக வந்தவர் முதலில் போக வேண்டும் என்றோ, வருடத்துக்கு 15 நாள் சம்பளம் இழப்பீடு வேண்டும் என்றோ நீங்கள் கேட்க முடியாது. கிராஜுவிட்டி, பி.எஃப். போக உங்களுக்கு இருப்பதெல்லாம் அப்பாயின்ட்மென்ட் ஆர்டரில் எழுதியிருக்கும் நோட்டீஸ் காலம்தான். அது ஒரு மாதமா, மூன்று மாதமா என்று பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.