சிங்கப்பூரில் ஊழியம் செய்யும் இளம் மார்மன் மிஷனரியின் வாரம் எப்படிப் போகும்?

வெள்ளைச் சட்டை, டை, நெஞ்சில் கறுப்புப் பெயர் அட்டையோடு எம்ஆர்டி ரயிலில் பார்க்கிறோமே, அந்தப் பையன்களைப் பற்றித்தானே கேட்கிறீர்கள்? மார்மன் என்ற கிறிஸ்தவப் பிரிவுக்காக மதப் பிரசாரம் செய்பவர்கள் அவர்கள். சம்பளம் கிடையாது, ஊழியம் ஆண்களுக்கு 24 மாதம், பெண்களுக்கு 18 மாதம். எந்த நாடு என்பதைச் சபைதான் முடிவு செய்யும்.

காலை 6:30 மணி வாக்கில் எழுந்து உடற்பயிற்சி, வேதப் படிப்பு. பிறகு இரவு வரை ஆட்களைச் சந்திப்பது, பாடம் நடத்துவது, சிறு தொண்டு வேலைகள். எங்கே போனாலும் ஜோடியாகத்தான். அந்த ஜோடியையும் அவர்கள் தேர்ந்தெடுப்பதில்லை. என்னைக் கேட்டால் வெயிலைவிட அதுதான் பெரிய சோதனை. நம் வீட்டுக்கு வந்தால் டீயோ காப்பியோ நீட்டாதீர்கள், அவர்களுக்கு விலக்கு. மைலோ என்ற சாக்லேட் பானம் கொடுங்கள்.

வாரத்தில் ஒரு நாள், பெரும்பாலும் திங்கட்கிழமை, துணி துவைக்க, சாமான் வாங்க, ஊர் சுற்ற. முன்பெல்லாம் கிறிஸ்துமஸ், அன்னையர் தினத்தில் மட்டுமே வீட்டோடு பேசலாம். 2019 முதல் வாராவாரம் பேசலாம். ஞாயிறு ஆராதனை.

இங்கே நாவை அடக்கிப் பேசவும் வேண்டும். பிற மதத்தாரைப் புண்படுத்தினால் 1990ஆம் ஆண்டு மத நல்லிணக்கப் பராமரிப்புச் சட்டம் இருக்கிறது.