எட்டு மாதமாக சர்ச்சுக்குப் போகவில்லை

கேள்வி: என் சொந்த ஊர் நாசரேத். கல்யாணமாகி 11 வருடமாகப் பெங்களூரு ஒயிட்ஃபீல்டில் இருக்கிறோம். அல்சூர் பக்கம் உள்ள ஒரு சி.எஸ்.ஐ. தமிழ் சபையில் அங்கத்தினர்கள். போன வருடம் கர்ப்பப்பை ஆபரேஷன் முடிந்து 6 வாரம் படுக்கையில் இருந்தேன். சபையிலிருந்து ஒருவர்கூட வந்து ஜெபிக்கவில்லை. ஆனால் கமிட்டி எலெக்‌ஷனுக்கு ஓட்டுக் கேட்டு இரண்டு அணியும் போன் செய்தார்கள். மனசே வெறுத்துவிட்டது. 8 மாதமாக யூடியூபில் சென்னை ஊழியர் ஒருவரின் ஆராதனையைத்தான் பார்க்கிறோம். காணிக்கையும் அங்கேயே அனுப்புகிறோம். "கர்த்தர் இருதயத்தைத்தானே பார்க்கிறார்" என்கிறார் கணவர். 9 வயது மகன், "நாம எந்த சர்ச்மா?" என்று கேட்டபோது வாயடைத்துப் போனேன். வீட்டிலிருந்தே ஆராதித்தால் தவறா?
- ஒரு சகோதரி, பெங்களூரு

பதில்:

அன்புச் சகோதரிக்கு,

உடம்பு இப்போது எப்படி இருக்கிறது? எழுந்து நடக்க முடியாமல், வாசல் மணி அடிக்காதா என்று காதைத் தீட்டிக்கொண்டு படுத்திருப்பது எவ்வளவு கொடுமை என்று எனக்குத் தெரியும். உங்கள் வருத்தம் நியாயமானது.

ஒன்று யோசித்துப் பாருங்கள். நாளைக்கே நீங்கள் காய்ச்சலில் படுத்தாலும் அந்த யூடியூப் ஊழியர் வரப்போவதில்லை. அதற்காக அவரைக் கோபித்துக்கொள்ளவும் மாட்டீர்கள். அவர் வருவார் என்று நீங்கள் நினைக்கவே இல்லையே! அல்சூர்க்காரர்கள் வராததுதான் எட்டு மாதம் கழித்தும் நெஞ்சில் முள்ளாக நிற்கிறது. இது சொந்தக்காரர்கள்மேல் வருகிற கோபம். அவர்கள் உங்கள் மனுஷர் என்பதை உங்கள் மனசு இன்னும் விட்டுக்கொடுக்கவில்லை.

நாசரேத்தில் ஒரு வீட்டில் உடம்புக்கு முடியவில்லை என்றால் சாயங்காலத்துக்குள் சபை ஊழியரான உபதேசியார் வந்து நிற்பார். இங்கே ஒயிட்ஃபீல்டில் நடப்பது அல்சூரில் யாருக்குத் தெரியும்? சபைப் போதகரான ஆயரிடம் சொன்னீர்களா? உங்கள் கடிதத்தில் அது இல்லை. யாக்கோபு நிருபம் 5-ஆம் அதிகாரம், வியாதிப்பட்டவர்தான் சபையின் மூப்பர்களை வரவழைக்க வேண்டும் என்கிறது. நாமோ, கேட்டு வாங்குகிற ஜெபம் என்ன ஜெபம் என்று ரோஷப்பட்டுக்கொண்டு படுத்திருக்கிறோம். அதற்காக ஓட்டுக் கேட்டவர்களை நான் விட்டுவிடவில்லை. "எப்படி இருக்கீங்க?" என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அவர்களுக்கு எல்லாமே தெரிந்திருக்கும். அந்தத் தப்பு அவர்களுடையதுதான்.

என் கணவர் காலமானபோது காக்ஸ் டவுனில் மூன்றாவது மாடியில் வாடகைக்கு இருந்தோம். எங்கள் சபையில் ஒரு பெரியவர் இருந்தார். அறுப்பின் பண்டிகை ஏலக் கணக்கு இடிக்கிறது என்று எல்லார் முன்னாலும் என்னைக் குடைந்து எடுத்தவர். ஒன்றரை வருடம் அவரோடு பேச்சே இல்லை. கணவர் காலமான அன்று காலை 6 மணிக்கு ஃபிளாஸ்க்கில் காபியோடு படியேறி வந்தார். என்னிடம் எதுவும் பேசவில்லை. வாசலில் கிடந்த செருப்புகளை ஓரமாக ஒதுக்கி, வருகிறவர்களுக்கு வழி பண்ணினார். ஆயரிடம் கடிதம் வாங்கிக்கொண்டு ஓசூர் ரோடு கல்லறைத் தோட்டத்துக்குப் போய், குழி வெட்டி முடிகிறவரை வெயிலிலேயே நின்றிருக்கிறார். அடக்க ஆராதனையின்போது பார்த்தேன், அவர் வேட்டி ஓரமெல்லாம் செம்மண். கணக்கு விஷயத்தில் அவர் அப்புறமும் அப்படியேதான் இருந்தார். ஆனால் அவர் வராத ஞாயிறு எனக்குக் குறையாகத் தெரிய ஆரம்பித்தது.

எலெக்‌ஷன் சண்டை அசிங்கம்தான். ஆனால் இது நம் காலத்தில் முளைத்தது அல்ல. அப்போஸ்தலர் 6-ஆம் அதிகாரத்தைப் பாருங்கள்: கிரேக்க மொழி பேசும் விதவைகளுக்கு அன்றாடப் பங்கீடு சரியாகக் கிடைக்கவில்லை என்று எருசலேம் சபையிலேயே முறுமுறுப்பு வந்தது. முறுமுறுத்தவர்கள் வெளியேறவில்லை, அப்போஸ்தலர்களும் வாயை மூடு என்று சொல்லவில்லை. ஏழு பேரைத் தெரிந்தெடுத்துப் பொறுப்பைக் கொடுத்தார்கள். உங்கள் ஊர்ப்பக்கம் வெள்ளாளன்விளையில் பிறந்த அசரியா பேராயரை நினைத்துப் பாருங்கள். 1919-இல் தரங்கம்பாடியில் கூடி, பிரிந்து கிடந்த சபைகள் ஒன்றாக வேண்டும் என்று குரல் கொடுத்தவர்களில் அவர் முக்கியமானவர். தென்னிந்தியத் திருச்சபை, அதாவது நம் சி.எஸ்.ஐ., உருவானது 1947 செப்டம்பர் 27-இல்தான். அதைப் பார்க்க அவர் உயிரோடு இல்லை. 1945 ஜனவரி முதல் தேதியே காலமாகிவிட்டார். நீங்கள் அங்கத்தினராக இருக்கிற சபை அப்படி 28 வருடம் பேசிப் பேசி உண்டானது.

உங்களுக்கு ஓட்டு இருக்கிறது. வருடாந்தரக் கூட்டத்தில் எழுந்து கணக்குக் கேட்க உரிமை இருக்கிறது. உங்களைப் போன்றவர்கள் வீட்டிலேயே இருந்துவிட்டால் சண்டைக்காரர்கள் மட்டுமே மிஞ்சுவார்கள்.

எதையும் பொறுத்துக்கொண்டு இருங்கள் என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். பிள்ளைகளிடம் பாலியல் அத்துமீறல் என்றால் கமிட்டிக்கு அல்ல, போலீசுக்குத்தான் போக வேண்டும்; பிள்ளைகளைப் பாதுகாக்கிற 2012 போக்சோ சட்டப்படி தெரிந்தும் மறைப்பது குற்றம். உங்கள் கடிதத்தில் அப்படி எதுவும் இல்லை. அல்சூர் தூரம் என்றால் வீட்டுக்குப் பக்கத்தில் வேறு சபைக்கு மாறுவதும் பாவமில்லை. மாறினாலும் உங்கள் பெயர் தெரிந்த ஒரு சபை இருக்க வேண்டும்.

படுக்கையில் இருப்பவர்களுக்கு யூடியூப் ஆராதனை பெரிய ஆறுதல். 2020-இல் நாம் எல்லாருமே அதைப் பிடித்துக்கொண்டுதான் இருந்தோம். இப்போதும் வார நாளில் கேளுங்கள், நல்லது. ஆனால் அங்கே திருவிருந்தில் உங்கள் கையில் அப்பத்தை வைத்து, பாத்திரத்தை நீட்ட யாரும் இல்லை. பக்கத்து இருக்கைப் பாட்டிக்குப் பாமாலைப் பாட்டுப் புத்தகத்தில் பக்கம் எடுத்துக்கொடுக்க உங்கள் மகனும் அங்கே இல்லை. கணவர் சொன்ன வசனம் உண்மைதான். ஆனால் ஈசாயின் மகன்களில் யாரை அபிஷேகம் பண்ணுவது என்று சாமுவேல் பார்த்துக்கொண்டிருந்தபோது சொல்லப்பட்டது அது. ஆராதனைக்குப் போக வேண்டுமா என்று அங்கே யாரும் கேட்கவில்லை.

ஆயருக்குப் போன் செய்து ஒரு மாலை வீட்டுக்கு வரச் சொல்லுங்கள். எனக்கு எழுதிய அதே வார்த்தைகளில், "6 வாரம் படுத்திருந்தேன், ஒருவரும் வரவில்லை" என்று முகத்துக்கு நேரே சொல்லுங்கள். அழுகை வந்தால் அழுங்கள். மகனும் பக்கத்தில் உட்கார்ந்திருக்கட்டும், கணவரும் இருக்கட்டும். அடுத்த ஞாயிறு ஒயிட்ஃபீல்டில் மெட்ரோ ஏறினால் பர்ப்பிள் லைனிலேயே அல்சூர் வந்துவிடும். ஆயர் என்ன பதில் சொன்னார் என்று எனக்கு எழுதுங்கள். அதுவரை உங்களுக்காக ஜெபித்துக்கொண்டிருப்பேன்.