மொரிஷியஸ் சுதந்திர தினத்துக்குச் சுவரில் மாட்டும் படச்சட்டத்தில் வைக்க, 1998 நூறு ரூபாய் நோட்டா, 1999 நோட்டா?

இரண்டையும் மாட்டுங்கள், பக்கத்தில் பக்கமாக. ஒன்றுதான் முடியும் என்றால் 1999.

1998 நோட்டில் தமிழ் வரி இந்திக்குக் கீழே இறங்கிவிட்டது. நம் தமிழ் மக்கள் எதிர்த்தார்கள், மத்திய வங்கி நோட்டைத் திரும்பப் பெற்றது. 1999-இல் தமிழ் மறுபடி ஆங்கிலத்துக்கு அடுத்து ஏறியது. அதில் இருக்கும் முகமும் நம் மொரிஷியஸ் தமிழ் அரசியல்வாதி ரெங்கநாதன் சீனிவாசன்தான். மார்ச் 12 சுதந்திர தினத்துக்கு இதைவிடப் பொருத்தமானது எது?

வாங்கும்போது ஆண்டோடு அந்த வரிசையையும் பாருங்கள்.

அப்புறம், பழைய படச்சட்டத்தில் நாணயம் பச்சை பிடித்ததற்கு பெரும்பாலும் பிவிசி என்ற பிளாஸ்டிக் உறைதான் காரணம். உறையை முகர்ந்து பாருங்கள். புது ஷவர் திரை வாடை அடித்தால் மாற்றிவிடுங்கள். நாணயத்தை மட்டும் புளி போட்டுத் தேய்க்காதீர்கள், மதிப்பே போய்விடும். வெயில் படும் சுவரும் வேண்டாம், நோட்டு வெளுத்துவிடும்.