வலைத்திரைக்குப் பின்னால் ஒரு வீடு: ‘தி கிளாஸ் மெனாஜரி’ கேள்வி பதில்

டென்னசி வில்லியம்ஸின் இந்த நாடகம் 1944 டிசம்பரில் சிகாகோவில் மேடையேறி, 1945 மார்ச்சில் பிராட்வேக்கு வந்தது. செயின்ட் லூயிஸ் நகரத்தில் ஒரு வாடகை வீடு. அம்மா அமாண்டா, கால் ஊனமுள்ள மகள் லாரா, காலணிக் கிடங்கில் வேலை பார்க்கும் மகன் டாம். டாம்தான் எல்லாவற்றையும் நினைவிலிருந்து சொல்கிறான். லாரா சேர்த்துவைத்திருக்கும் கண்ணாடி விலங்குப் பொம்மைகள்தான் தலைப்பில் வரும் ‘கிளாஸ் மெனாஜரி’.

கேள்வி: டாம் தன்னை வித்தைக்காரனுக்கு நேரெதிர் என்கிறானே ஐயா, அதை மேடையில் எப்படிக் கொண்டுவருவது?

வித்தைக்காரன் மாயத்தை உண்மைபோலக் காட்டுவான். டாம் உண்மைக்கு மாய வேடம் போடுகிறான். அதனால் உத்திகளை ஒளிக்காதீர்கள். முதல் காட்சியில் சாப்பிடுவது வெறும் சைகைதான், தட்டு கரண்டி எதுவும் இல்லை என்று நாடகக் குறிப்பே சொல்கிறது. அங்கே நிஜத் தட்டுகளை அடுக்கினால் நினைவு போய்ச் சாதாரணக் குடும்பக் கதை மிஞ்சும்.

கேள்வி: வலைத்திரையில் (முன்னால் வெளிச்சம் பட்டால் சுவர்போல மறைக்கும், பின்னால் விளக்கு எரிந்தால் உள்ளே தெரியவிடும் வலைத்துணி) வரைந்த வெளிச்சுவர் சுவராகவே தெரியவில்லை. பின்னால் நாற்காலி தெரிகிறது.

முன்விளக்கு நேராக அடிக்கிறது. வெளிச்சம் துணியின் ஓட்டை வழியே உள்ளே போய்விடுகிறது. விளக்கைத் திரைக்கு அருகில், உயரத்தில் வைத்துத் துணியை உரசுகிற மாதிரி சாய்த்து விடுங்கள். திரைக்குப் பின்னால் முழு இருட்டு வேண்டும். வெளிர்நிறத் தரை இருந்தால் அதில் பட்டுத் தெறிக்கும் வெளிச்சமே காட்டிக்கொடுக்கும், கறுப்பு விரிப்புப் போடுங்கள். வீட்டைக் காட்டும்போது உள்விளக்கை மெல்ல ஏற்றி, அது பாதி வந்த பிறகு முன்விளக்கை இறக்குங்கள். இரண்டையும் ஒரே நொடியில் மாற்றினால் நடுவில் ஒரு சாம்பல் மங்கல் விழும். கொசுவலை வேண்டாம், கண்ணி பெரிது. அடி ஓரத்தில் குழாய் கோத்துவிட்டால் சுருக்கம் விழாது.

கேள்வி: லாராவும் விருந்தாளி ஜிம்மும் ஆடும்போது கீழே விழும் யூனிகார்ன் (ஒற்றைக் கொம்புக் குதிரை) பொம்மையின் கொம்பு ஒவ்வொரு நாள் நாடகத்திலும் தப்பாமல் உடைய வேண்டுமே அண்ணா?

கீழே விழும் பொம்மை கண்ணாடியாக இருக்கக் கூடாது. நடனமாடும் கால்களுக்கு அருகே சில்லு சிதறும். ரெசினில் செய்து, கொம்பைத் தனியாகத் தேன்மெழுகால் ஒட்டுங்கள். மெழுகு அதிகமானால் உடையாது, குறைந்தால் எடுக்கும்போதே கழன்றுவிடும். நாடகத்துக்கு முன் சோதித்து, மாற்று ஒன்று வைத்திருங்கள். நிஜக் கண்ணாடிப் பொம்மைகள் அலமாரியில் நிற்கட்டும், பக்கவாட்டில் ஒரு சிறு விளக்கோடு.

கேள்வி: மாயையில் வாழ்பவள் லாராதானே?

எனக்கு அப்படித் தோன்றவில்லை. இளமையில் ஒரே மாலையில் பதினேழு இளைஞர்கள் தன்னைத் தேடி வந்த கதையை அமாண்டா விடுவதில்லை; ‘ஊனம்’ என்ற சொல்லையே வீட்டில் தடை செய்கிறாள். டாமுக்குச் சினிமா, விருந்தாளி ஜிம்முக்குத் தொலைக்காட்சித் தொழிலில் வரப்போகும் எதிர்காலம். லாராவோ தன் கால்கவசம் எழுப்பிய சத்தத்தை மறக்காதவள். கொம்பு உடைந்ததும், இனி அது மற்றக் குதிரைகளோடு சகஜமாக இருக்கும் என்கிறாள். இவ்வளவு தெளிவு அந்த வீட்டில் வேறு யாருக்கும் இல்லை. அதனால் லாராவை எப்போதும் கனவில் மிதப்பவளாக நடிக்க வைப்பது பெரிய தவறு.

கேள்வி: கடைசிக் காட்சியில் லாரா ஊதி அணைக்கும் மெழுகுவர்த்தியை என்ன செய்வது?

டாமின் இறுதிப் பேச்சின்போது வெளிச்சுவர்த்திரை திரும்ப இறங்குகிறது. பின்னால் அமாண்டா மகளைத் தேற்றுவது தெரிய வேண்டும், கேட்கக் கூடாது. அமாண்டாவின் பேச்சு கேட்காமல் போன பின்தான் அவளுக்குக் கம்பீரம் வருகிறது. வலைத்துணி அருகே நிஜச் சுடர் ஆபத்து, பேட்டரி மெழுகுவர்த்தி போதும். லாரா ஊதிய மூச்சு முடிந்த பிறகே ஆபரேட்டர் அணைக்க வேண்டும். கை முந்தினால் அவள் அணைத்ததாகவே தெரியாது.