குரல் நின்ற பிறகும் உறவு திரும்பவில்லையே, ஏன்?

கேள்வி: என் தம்பிக்கு 27 வயது. சென்னையில் வேலை பார்த்தவன். போன வருடம் காதில் குரல் கேட்கிறது என்றான். அப்புறம் சித்தப்பா வீட்டில் தனக்குச் செய்வினை வைத்துவிட்டார்கள் என்று அவர்கள் வாசலில் போய்ச் சத்தம் போட்டான். மருந்து சாப்பிட ஆரம்பித்தபின் அதெல்லாம் நின்றுவிட்டது. ஆனால் யாரிடமும் பேசுவதில்லை, அறையிலேயே கிடக்கிறான். சித்தப்பா வீட்டிலும் பேச்சுவார்த்தை இல்லை. இரண்டு மாதத்தில் படைப்பு, அதாவது முன்னோருக்குப் படையல் வைக்கும் குடும்ப விழா, வருகிறது, பங்காளிகள் எல்லோரும் கூடுவார்கள். இவனை எப்படிச் சேர்ப்பது? – காரைக்குடிப் பக்கத்திலிருந்து ஓர் அக்கா

பதில்: முதலில் சித்தப்பா வீட்டு விஷயம். மனச்சிதைவில் (ஸ்கிசோஃப்ரினியா) வரும் சந்தேகம் பெரும்பாலும் தினமும் பார்க்கிற, நெருங்கிய ஆட்கள் மேல்தான் விழும். அந்த நேரத்தில் அவனுக்கு அது சந்தேகமே அல்ல, கண்ணால் கண்ட உண்மை மாதிரி. அதனால்தான் யார் எடுத்துச் சொல்லியும் ஏறியிருக்காது. ஆனால் தெருவே பார்க்கப் பழி கேட்ட சித்தப்பாவின் வலியும் நிஜம்தானே. "அது நோய், மறந்துடுங்க" என்று ஒரே வரியில் முடித்துவிடாதீர்கள். நோயைப் பற்றி எவ்வளவு சொல்லலாம் என்று தம்பியிடம் கேட்டுக்கொண்டு, நீங்கள் மட்டும் போங்கள். "சித்தப்பா, அன்னைக்கு உங்க மனசு எவ்வளவு கஷ்டப்பட்டிருக்கும்னு தெரியும். அவன் அப்போ நோயில இருந்தான். இப்போ மருந்து சாப்பிடுறான்" என்றால் போதும். அவனைக் கூட்டிப்போய் மன்னிப்புக் கேட்க வைக்க வேண்டாம். தெளிந்தபின் தான் பேசியதை நினைத்துக் கூசிப்போகிறவர்கள் நிறைய. அவன் ஒளிந்துகொள்வதற்கு அந்தக் கூச்சமும் ஒரு காரணமாக இருக்கலாம்.

இனி, நீங்கள் லேசாகச் சொல்லிவிட்டுப் போன அந்தப் பேசாமை. என் அனுபவத்தில் உறவுகளை அதிகம் அறுப்பது சத்தம் போட்ட நாட்கள் அல்ல, இந்த அமைதிதான். முகத்தில் உணர்ச்சி தெரியாது, கேட்டதற்கு ஒரு வார்த்தையில் பதில், குளிக்கக்கூட மனம் எழாது. இவையும் நோயின் அறிகுறிகள்தான். சத்தம் போட்டதை மன்னித்த சொந்தங்கள்கூட இதை மன்னிப்பதில்லை. 'திமிரு', 'சோம்பேறி' என்றுவிடுவார்கள். உள்ளே பாசம் இருக்கும், அது முகத்துக்கு வந்து சேராது, அவ்வளவுதான். குரலை அடக்குகிற மருந்து இதற்கு அந்த அளவு பலன் தருவதில்லை. ஆனாலும் மருத்துவரிடம் கட்டாயம் சொல்லுங்கள். மருந்தினால் வரும் தூக்கக் கலக்கம், உடல் இறுக்கம், கூடவே சேர்ந்துகொண்ட மனச்சோர்வு என்று எதுவானாலும் சரிசெய்ய வழி உண்டு. நீங்களாக மாத்திரையைக் குறைக்காதீர்கள்.

வீட்டுப் பேச்சும் இதில் சேர்த்தி. லண்டனில் சமூகவியலாளர் ஜார்ஜ் பிரவுன் குழுவினர் 1950களிலும் 60களிலும் செய்த ஆய்வுகளில், ஓயாமல் குறை சொல்லும் வீட்டுக்குத் திரும்பியவர்களுக்கு நோய் அதிகமாகத் திரும்பியது தெரிந்தது. அளவுக்கு மீறித் தாங்கும் வீட்டிலும் அதே கதை. பின்னர் சண்டிகரில் பார்த்தபோது, குறை சொல்வது லண்டன் குடும்பங்களைவிட நம் குடும்பங்களில் குறைவாகவே இருந்தது. எனக்கு அதில் பெரிய நம்பிக்கை உண்டு. ஆனாலும் சில வீடுகளில் தாங்குவது கொஞ்சம் அதிகமாகிவிடும். தம்பியிடம் ஒரு கேள்வி கேட்டால் அப்பத்தா பதில் சொல்கிற வீடா உங்களுடையது? அவன் வாய் திறக்கும்வரை எல்லோரும் பொறுத்திருக்கட்டும்.

படைப்புக்கு வருவதா என்பதை அவனே சொல்லட்டும். வளவு (வீட்டின் உள்முற்றம்) நிறைய ஆட்கள், ஒரே நேரத்தில் பத்துப் பேர் பேச்சு, இதெல்லாம் இப்போது அவனுக்குப் பெரும்பாடு. அதற்கு முன்பே அவனுக்குப் பிடித்த ஒரே ஒரு பங்காளியை வாரம் ஒருமுறை வீட்டுக்கு வரச் சொல்லுங்கள். சும்மா கூட உட்கார்ந்து காபி குடித்துவிட்டுப் போகட்டும். அந்த ஒருவர் கூட இருந்தால் கூட்டம் பாதிப் பயம்தான். அன்றைக்கு இலை போடுவது மாதிரி கையில் ஒரு வேலை இருந்தால் பேச வேண்டிய கட்டாயம் குறையும். அரை மணியில் எழுந்து போனாலும் யாரும் ஏன் என்று கேட்கக் கூடாது. "வேலை என்னாச்சு, கல்யாணம் எப்போ" என்று கேட்கிற பெரியவர்கள் இருப்பார்களே, அவர்களிடம் முதல் நாளே சொல்லிவைத்துவிடுங்கள்.

'கல்யாணம் பண்ணி வச்சா சரியாயிடும்' என்பார்கள். ஆகாது. நோயை மறைத்துச் செய்தால் இன்னொரு வீடும் உடையும். கோயிலுக்கோ தர்காவுக்கோ போவதில் தப்பில்லை, மருந்து நிற்கக் கூடாது. ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில், தர்காவை நம்பி வந்தவர்களை வைத்திருந்த ஒரு மனநலக் காப்பகத்தில் 2001 ஆகஸ்ட் 6 அன்று நடந்த தீ விபத்தில் சங்கிலியில் கட்டப்பட்டிருந்தவர்கள் தப்ப முடியாமல் மாண்டார்கள். மொத்தம் 28 உயிர். 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம் சங்கிலியால் கட்டுவதைத் தடை செய்கிறது.

விழா நெருங்கும்போது அவன் தூக்கத்தைக் கவனியுங்கள். இரண்டு மூன்று இரவு தூங்காமல் இருந்தாலோ, பழைய சந்தேகம் தலைகாட்டினாலோ படைப்பு முடியட்டும் என்று காத்திருக்காமல் மருத்துவரைப் பாருங்கள். சாக வேண்டும் என்று பேசினால் தனியே விடாமல் அன்றே அழைத்துப் போங்கள். நடுராத்திரி என்றாலும் 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் தமிழிலேயே பேசலாம், கட்டணம் கிடையாது.