பன்னிரண்டு முழுக்கு அனுபவத்தோடு ஹெர்மெஸ் கப்பலுக்குச் சுழியோடலாமா?

சித்திரைக்கு மட்டக்களப்புக்கு வருகிறீர்கள். கையில் சுழியோட்டத்தின் முதல்படியான ஓப்பன் வாட்டர் சான்றிதழ், பாசிக்குடாவில் பன்னிரண்டு முழுக்கு. ‘ஹெர்மெஸ் கிடப்பது 53 மீட்டரில்தானே, பத்து நிமிடம் பார்த்துவிட்டு மேலே வரலாம்’ என்று நண்பர் சொன்னது சரியா என்று கேட்டிருக்கிறீர்கள். சரியில்லை. இந்த வருடம் போகாதீர்கள்.

உங்கள் சான்றிதழ் 18 மீட்டருக்கு. பொழுதுபோக்குச் சுழியோட்டத்தின் எல்லையே 40 மீட்டர்தான். 1942 ஏப்ரல் 9 அன்று ஜப்பானிய விமானங்கள் மூழ்கடித்த பிரிட்டிஷ் விமானந்தாங்கிக் கப்பலான ஹெர்மெஸ், கல்லடிக் கரையிலிருந்து ஏறக்குறைய 9 கிலோமீட்டர் தள்ளி, அந்த எல்லைக்கும் கீழே கிடக்கிறது.

நான் அங்கே போனது சாதாரணக் காற்று அடைத்த ஒரே சிலிண்டரோடு. இன்றைக்கு என்றால் போகமாட்டேன். கப்பலின் ஓரமாக ஒரு பெரிய களவாய் மீன் போனது, அதன் பின்னால் நானும் போனேன். இடையில் சிலிண்டரில் மிச்சமுள்ள காற்றின் அழுத்தத்தைக் காட்டும் கேஜைப் பார்த்தேன். 70 பார் என்று முள் காட்டியது. இரண்டு தரம் வாசித்தேன், ஆனால் அந்த இலக்கத்துக்கு என்ன அர்த்தம் என்று மூளை சொல்லவே இல்லை. பயம் துளியும் கிடையாது. நல்ல நிதானத்தோடு இருப்பதாகத்தான் நினைத்தேன். வழிகாட்டி என் கையைப் பிடித்து இழுத்து மேலேறும் கயிற்றைக் காட்டியிராவிட்டால் மீனோடுதான் போயிருப்பேன்.

அது நைதரசன் மயக்கம். 30 மீட்டரிலேயே தொடங்கும். மயங்கியவருக்கு மயங்கியது தெரியாது என்பதால்தான் எனக்கு அதைப் பற்றி இவ்வளவு பயம்.

அந்த 70 பாரைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். 53 மீட்டரில் அழுத்தம் மேற்பரப்பைப் போல 6.3 மடங்கு. மேலே நிமிடத்துக்கு 20 லீட்டர் சுவாசிப்பவருக்கு அங்கே 126 லீட்டர் வேண்டும். 12 லீட்டர் சிலிண்டரில் 70 பார் என்றால் 840 லீட்டர், அது ஏழு நிமிடத்துக்குக் கூடக் காணாது. பதறி மூச்சு வாங்கினால் அதிலும் பாதிதான்.

காற்றே அங்கே கனத்துப் போகும். மேலே லீட்டருக்கு 1.3 கிராம் இருப்பது கீழே 8 கிராம் அளவுக்கு வந்துவிடும். 6.2 கிராமைத் தாண்டக் கூடாது என்பது சுழியோட்ட மருத்துவர்களின் பரிந்துரை. கனத்த காற்றை நெஞ்சு தள்ளி வெளியேற்ற முடியாமல் காபனீரொட்சைட்டு உடம்பில் சேரும். நீரோட்டத்தை எதிர்த்து நீந்தினால் இன்னும் சேரும். 2005 ஜனவரியில் தென்னாபிரிக்காவின் புஷ்மன்ஸ் ஹோல் என்ற நீர்க்குகையில் 270 மீட்டரில் டேவிட் ஷா இறந்ததும் இப்படித்தான். அனுபவசாலி, நல்ல ஆயத்தத்தோடு போனவர். பல வருடங்களுக்கு முன்பு அங்கே இறந்த ஓர் இளைஞனின் உடலை எடுக்கக் கீழே வேலை செய்தார், மூச்சு எட்டவில்லை.

மேலே வருவதைப் பற்றிச் சொல்ல என் மாமா ஒருவர் போதும். கடல் அட்டை எடுக்கப் போனவர், ஒரே நாளில் நாலு சிலிண்டர் முடித்துவிட்டு நேரே மேலே வந்தார். இரவு தோள் வலித்தது, எண்ணெய் போட்டுப் படுத்தார். விடிய எழும்பினால் இடது கால் மரத்துக் கிடந்தது. உடம்பில் கரைந்த நைதரசன் குமிழியாகி முள்ளந்தண்டில் அடைத்துவிட்டது. இன்றும் காலை இழுத்துத்தான் நடக்கிறார். குமிழிகளைத் திரும்பக் கரைக்கும் அழுத்த அறைக்கு உடனே கொண்டுபோயிருக்க வேண்டும். ஆனால் அது இருக்கும் திருகோணமலைக்கே இங்கிருந்து 130 கிலோமீட்டர். நான் ஹெர்மெஸ் போய் வந்த அன்று ‘மேல வரேக்க எங்கெங்க நிண்டாய் மனே?’ என்பதைத்தான் அவர் முதலில் கேட்டார்.

2014இல் செங்கடலில் அகமது கப்ர் என்ற சுழியோடி 332 மீட்டர் ஆழத்துக்குப் போனார். இறங்கக் கால் மணிநேரம் அளவு, ஏறப் பதின்மூன்று மணிநேரத்துக்கு மேல். ஹெர்மெஸுக்கு அவ்வளவு தேவையில்லைதான், ஆனாலும் கரைந்த நைதரசன் குமிழியாகாமல் வெளியேறக் கயிற்றைப் பிடித்தபடி 6 மீட்டரிலும் 3 மீட்டரிலும் நின்று நின்றுதான் வரவேண்டும். நீரோட்டம் கயிற்றிலிருந்து பிரித்துவிட்டால், அடையாள மிதவையை மேலே விட்டு, நடுக்கடலில் மிதந்துகொண்டே அந்த நேரத்தைக் கழிக்க வேண்டும். படகுக்காரர் அந்த மிதவையைக் கண்டுபிடிக்க வேண்டும்.

இன்னொன்று, யாராவது ‘நைட்ரொக்ஸ் அடித்துத் தாறேன், பாதுகாப்பு’ என்று ஒட்சிசன் கூட்டிய காற்றைத் தந்தால் அந்தப் படகில் ஏறாதீர்கள். 32 வீத ஒட்சிசன் 53 மீட்டரில் 2 பார் அழுத்தத்துக்குப் போய்விடும். 1.6க்கு மேலேயே வலிப்பு வரக்கூடும், வந்தால் வாயிலிருந்து ரெகுலேட்டர் என்ற சுவாசக் கருவி கழன்றுவிடும். அந்த ஆழத்துக்கு ஈலியம் கலந்த டிரைமிக்ஸ், இரட்டைச் சிலிண்டர், ஏறும்போது சுவாசிக்கத் தனிச் சிலிண்டர், அதற்கெல்லாம் உரிய பயிற்சி வேண்டும். ஒரு விடுமுறைக்குள் முடிகிற காரியமில்லை.

ஹெர்மெஸ் மூழ்கிய அதே நாளில் பிரிட்டிஷ் சார்ஜன்ட் என்ற எண்ணெய்க் கப்பலும் மட்டக்களப்புக்கு வடக்கே மூழ்கியது. அது 24 மீட்டர் அளவில்தான் கிடக்கிறது. உங்களுக்கு முதலில் 30 மீட்டருக்கான அட்வான்ஸ்ட் பயிற்சி வேண்டும், பாசிக்குடாவில் சில நாட்களில் முடிக்கலாம். முடித்துவிட்டுச் சொல்லுங்கள், கடல் அமைதியாக இருக்கும் ஒரு காலையில் சேர்ந்தே போவோம்.