மொழியியல் இதழ்களும் மேற்கோள் கணக்கும்

கேள்வி: மொழியியலில் ஆய்வு செய்கிறேன். மருத்துவ இதழ்களோடு ஒப்பிட்டால் எங்கள் துறை இதழ்களின் இம்பாக்ட் ஃபேக்டர் ரொம்பக் குறைவாக இருக்கிறதே, எங்கள் ஆய்வு மட்டமா?

பதில்: இல்லவே இல்லை. ஓர் இதழ் முந்தைய 2 ஆண்டுகளில் வெளியிட்ட கட்டுரைகள் இந்த ஆண்டு எத்தனை முறை மேற்கோள் காட்டப்பட்டன என்று எண்ணி, அதைக் கட்டுரைகளின் எண்ணிக்கையால் வகுத்தால் வருவதுதான் அந்த எண். இந்தக் கணக்குக்கு அடிப்படையான மேற்கோள் அட்டவணை (எந்தக் கட்டுரையை எவை மேற்கோள் காட்டின என்ற பட்டியல்) யோசனையை 1955-ல் தகவலியல் அறிஞர் யூஜின் கார்ஃபீல்டு முன்வைத்தது அறிவியல் கட்டுரைகளுக்காக. உங்கள் துறையிலோ ஒரு மொழியின் நல்ல இலக்கண விவரிப்பை 30 ஆண்டு கழித்தும் எடுத்துப் படிக்கிறார்கள், மேற்கோள் காட்டுகிறார்கள், அதெல்லாம் இந்த 2 ஆண்டுக் கணக்கில் சேராது. அப்புறம், நூல்களுக்குப் போகும் மேற்கோள்களும் இதழ்க் கணக்கில் வராது. எனக்குப் பெரிய வருத்தம் வேறு: ஒரு மொழியைப் பற்றி அந்த மொழியிலேயே எழுதும் இதழ்கள் பல, மேற்கோள்களை எண்ணும் பெரிய தரவுத்தளங்களில் இடம்பெறுவதே இல்லை.

இந்த எண் தரத்தைக் காட்டாது என்பதற்கு ஓர் உதாரணம்: 2015-ல் 'லிங்குவா' என்ற மொழியியல் இதழின் ஆசிரியர் குழு மொத்தமாக விலகி 'குளோசா' என்ற இதழைத் தொடங்கியது. புது இதழ் என்பதால் அதற்கு ஆரம்பத்தில் இம்பாக்ட் ஃபேக்டரே கிடையாது. ஆனால் கட்டுரைகளைத் தேர்ந்தெடுத்தவர்கள் அதே ஆட்கள்தான்! சரி, ஒப்பிட்டே ஆகவேண்டும் என்றால் உங்கள் துறைக்குள்ளேயே, 5 ஆண்டுக் கணக்கை வைத்து ஒப்பிடுங்கள்.